மாடி அறை காலியாகாது, மகனே

திருச்சியிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நாலு பக்கம். மூன்று பக்கம் பந்தலைப் பற்றியும் பட்டுப்புடவையைப் பற்றியும் எழுதிவிட்டு, நாலாம் பக்கத்தின் கடைசி ஐந்து வரியில்தான் சொல்ல வந்ததைச் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். மார்க்கு குறைந்த பேப்பரை அடியில் வைத்துத்தான் என்னிடம் கையெழுத்துக்கு நீட்டுவாய். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் சென்னைக்கு மாற்றல் வாங்கி வரப்போகிறாய். உங்கள் இருவருக்கும் மாடி அறை வேண்டும். இல்சம்மா வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். அது முடியாதென்றால் தியாகராய நகரில் உன் மாமனார் கட்டியிருக்கும் புது வீட்டிலேயே தங்கிக்கொள்வீர்கள். இதுதானே? என் பதிலை நான் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்போவதில்லை. மாடி அறை காலியாகாது. என் உயிர் உள்ளவரைக்கும் காலியாகாது, எனக்குப் பிறகும் காலி செய்யக்கூடாது என்று உன்னிடம் வாக்குக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கோபப்படாமல் மேலே படி. "முடியாது" என்று ஒரு கார்டில் எழுதித் தபாலில் போட்டுவிடத்தான் முதலில் நினைத்தேன். என் சுபாவம் உனக்குத் தெரியாததா? மேசையில் உட்கார்ந்து மைக்கூட்டைத் திறந்ததும் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரே பிள்ளை, கல்யாணமான கையோடு மாமனார் வீட்டுக்குக் குடிபோகிறேன் என்றால் எந்தத் தாய்க்குத் தாங்கும்? அழுது முடித்துவிட்டு, "அறையக் குடுக்க வேணாம்ங்க, நானும் அதத்தான் சொல்றேன். ஆனா ஏன்னு முழுசா எழுதுங்க. ஏழு வருஷமா அவன்கிட்ட மறைச்சு வச்சிருக்கோம். தெரியாமத்தானே கேக்குறான்" என்றாள். நியாயம்தான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பையன்களைத் திருத்தியவனுக்குத் தன் தப்பைத் தன் மகனிடம் சொல்லத் துணிவு வரவில்லை. இன்று வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன் மாமனாருக்குக் கட்டாயம் காட்டு.

இல்சம்மா நம் சாந்தோம் வீட்டுக்குக் குடிவந்தபோது உனக்குப் பதிமூன்று வயது. இல்ஸே என்பதுதான் பெயர். அது நம் தெருவில் யார் வாயிலும் நுழையாமல் இரண்டே நாளில் இல்சம்மா ஆகிவிட்டது. அடையாற்றங்கரையில் அந்தப் பெரிய தோட்டம் இருக்கிறதல்லவா, அங்கே புத்தகசாலையில் வேலை பார்ப்பதற்காக ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர். சில வருஷத்தில் அங்கே மனசு ஒட்டாமல் வெளியே வந்து, பங்களா வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். நம் மாடிப்படி வெளிப்பக்கமாக இருந்ததால் அவருக்கும் வசதி, நமக்கும் வசதி. தமிழ் படிக்க வேண்டும் என்றார். நான் இலக்கணத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே, நான் சொல்லித்தருவது மார்க்கெட்டில் யாருக்கும் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலையிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். வாத்தியார் வீட்டில் குடியிருந்துகொண்டு மீன்காரியிடம் தமிழ் படித்த பெண்மணி உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். நீலக் கண்ணும் வெள்ளைத் தோலுமாக மாடிப்படியில் நின்று, "இன்னா சார், இன்னிக்கும் கொழாயில தண்ணி இல்லியா?" என்று கேட்பார். நீயும் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பீர்கள். நீ அம்மாவின் முந்தானையைப் பிடுங்கிக்கொள்வாய்.

அவர் வந்த வருஷமே ஒரு சாயங்காலம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு மறக்காது. நீ கூடத்தில் தோசை தின்றுகொண்டிருந்தாய். அவர் தன் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். ரீகா என்று ஒரு தலைநகரம். நடுவில் பெரிய ஆறு. ஆற்றுக்கு இந்தப்பக்கம் பட்டணம். பாலத்தைத் தாண்டினால் தன்னுடைய பேட்டை, ஆகென்ஸ்கல்ன்ஸ். "மைலாப்பூர்லேந்து பாலம் தாண்டினா அடையாறு கீதுல்ல, அந்த மாரி" என்று உனக்கு விளக்கினார். பனிக்காலத்தில் அந்த ஆறு உறைந்துபோகும், பாலத்தை விட்டுவிட்டு ஜனங்கள் ஆற்றின் மேலேயே நடந்து மார்க்கெட்டுக்குப் போவார்கள் என்றார். உனக்குத் தோசை தொண்டையில் இறங்கவில்லை. அது எந்த நாடு என்று நான் கேட்டேன். லாத்வியா என்றார். நான் எழுந்துபோய் என் பெரிய அட்லாஸை எடுத்துவந்தேன். முதல் ஜெர்மன் யுத்தத்துக்கு முன்னால் அச்சானது. அதை வைத்துத்தான் நான் அத்தனை வருஷமும் பூகோளம் நடத்தினேன். அதில் ரீகா ஒரு புள்ளியாக இருந்தது, ரஷ்யாவின் பச்சை நிறத்துக்குள்ளே. விரலை வைத்து, "ரஷ்யா" என்றேன். அவர் சிரித்தபடி, "உங்க பொஸ்தகம் கெழம் சார்" என்றார். நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாத்தியார் தன் மகன் முன்னால், தன் பாடத்திலேயே தப்பு என்று சொல்லப்பட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அட்லாஸைப் பட்டென்று மூடி, படத்தில் இல்லாத நாடு நாடே இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசற்படியில் நின்று, "நான் கீறேன்ல? அப்ப அதுவும் கீது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். நீ அடுத்த நாளே மறந்துவிட்டாய். அம்மாவும் அவரும் வழக்கம்போல ரொட்டி சுட்டார்கள். ஸ்நாபக அருளப்பர் திருநாள் வந்தபோது, எங்கள் பேட்டையில் இன்றைக்கு வாசலுக்கு வாசல் ஓக் இலை கட்டுவார்கள் என்று அவர் சொல்ல, ஓக்குக்கு நான் எங்கே போவேன் என்று அம்மா மாவிலை பறித்துக்கொடுக்க, இருவரும் நம் கேட்டில் தோரணம் கட்டினார்கள். தெருவே வந்து, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டது. நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் எனக்குள் அணையாமல் கிடந்தது. இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இப்போது நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரைக்கு வருகிறேன். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. எழும்பூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. நம் தெருவில் பத்து வீட்டில் ஏழு வீடு பூட்டியாயிற்று. நாமும் மறுநாள் காலை திண்டுக்கல்லில் மாமா வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தோம். நீ ஜட்காவுக்குச் சொல்லிவைக்க வெளியே போயிருந்தாய். இல்சம்மா அடையாற்றுக்குப் பாடம் சொல்லப் போயிருந்தார். அவருடைய நிலைமை அதற்குள் மோசமாகியிருந்தது. அவர் நாட்டை முதலில் ரஷ்யாக்காரன் விழுங்கினான், அடுத்த வருஷம் ஜெர்மன்காரன் விழுங்கினான். புதுப்பிக்கத் தபாலில் அனுப்பிய பாஸ்போர்ட்டு திரும்பவே இல்லை. ஆகென்ஸ்கல்ன்ஸில் இருந்த அக்காவிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதமும் நின்றுபோயிற்று. அந்த மத்தியானம்தான் ஒரு அதிகாரி நம் வீட்டுக்கு வந்தார். பட்டணத்தில் மிச்சமிருக்கிற அந்நியர்களைக் கணக்கெடுக்கிறாராம். ரொம்ப மரியாதையான பிள்ளை. ஒரு காலத்தில் என் வகுப்பில் உட்கார்ந்தவன்.

நம் கூடத்து மேசையில் பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அந்தம்மா லாத்வியான்னு சொல்றாங்க சார், கையில பாஸ்போர்ட் இல்ல. அப்படி ஒரு நாடு உண்டா? நீங்க ஜியாகரபி சார், நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றான். மகனே, உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தெரியும். பத்திரிகையில் அந்தப் பெயரை நான் எத்தனையோ தடவை படித்திருந்தேன். ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்துபோய் அந்த அட்லாஸை எடுத்துவந்து அவன் முன்னால் திறந்து காட்டி, படத்தில் இல்லை என்றேன். அப்படியானால் என்ன பாஷை பேசுகிறார் என்று கேட்டான். ஜெர்மன் பேசுவார் என்றேன். அது பொய்யில்லை; அவர் ஊரில் படித்தவர்கள் பலருக்கு அந்தப் பாஷை தெரியும், அவருடைய பாட்டுப் புஸ்தகமெல்லாம் அதில்தான் இருந்தது. தன் வீட்டுப் பாஷை அதுவல்ல என்று அவர் நூறு தடவை சொன்னதை மட்டும் நான் சொல்லவில்லை. அவன் ஜெர்மானியர் என்று எழுதினான். வீட்டுக்காரர் தந்த தகவல் என்ற இடத்தில் நான் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அதோடு கூட, பூட்டப்போகிற வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாளைத் தனியாக விட்டுப்போகிறோமே என்ற கவலையும் என் தலையிலிருந்து இறங்கியது.

அதிகாரி போனதும் அம்மா சமையற்கட்டிலிருந்து வந்தாள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "லாத்வியான்னுதானே சொல்வாங்க? நீங்க ஏன் வேற மாதிரி சொன்னீங்க?" என்றாள். போய் மூட்டையைக் கட்டு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று அதட்டினேன். பூகோளம் படிக்காத அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் விடியற்காலை இல்சம்மா நம் கூஜாவைத் தூக்கிவந்து ஜட்காவில் வைத்ததும், வழியில் சாப்பிட ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி உன் மடியில் வைத்ததும் உனக்கு நினைவிருக்கும். விழுப்புரம் தாண்டி அந்த ரொட்டியை நீ மூன்று பங்காகப் பிய்த்தாய். அம்மா வேண்டாம் என்றாள். நான் என் பங்கைச் சாப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மாடி பூட்டியிருந்தது. கூடையை இறக்காமலேயே அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா வாத்தியாரே, இல்சம்மாவ வண்டில ஏத்தி இட்டுகினு பூட்டாங்களே. நீ மட்டும் இருந்திருந்தா வுட்டிருப்பியா?" என்றாள். மகனே, அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எதிரி நாட்டுப் பெண்களை அடைத்துவைக்கும் மலைமுகாம் ஒன்றுக்கு, மேற்கே எங்கோ தொலைவில், அவரை அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று நீ என்னைக் கேட்டாய். யுத்தகாலம், சர்க்கார் எதையும் செய்யும் என்றேன். நீ அந்த வருஷம் பூராவும் சர்க்காரைத் திட்டினாய்; அதிகாரிகளுக்கு மூளை இல்லை, ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியவில்லை என்று கத்தினாய். நான் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு கேட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் சொன்ன ஜெபங்களையெல்லாம் சொல்லி முடித்தேன். சர்வேசுரன் மன்னித்திருக்கலாம். மாடியைப் பார்க்க மட்டும் எனக்கு முகமில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன், அவர் ஜெர்மானியர் அல்ல என்று மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. எழுதிப்போட்ட ஒரு வார்த்தையை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு வருஷம் போயிற்று.

நீ திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவரை விடுவித்தார்கள். அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். நான்தான் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போனேன். இறங்கி வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க வெளுத்து, பாதியாகிவிட்டிருந்தார். "இன்னா சார், நல்லா கீறீங்களா?" என்று அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு வந்து, மாடி அறையைத் திறந்துவிட்டு, உட்காரக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கதவருகே நின்றாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாக, "தெரியும் சார். மொத வாரமே காயிதத்தக் காட்டினாங்க. உங்க கையெழுத்து அழகா கீது" என்றார்.

நாலு வருஷமும் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் ஏன் இந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "வேற எங்க போறது? எனக்குத் தெரிஞ்ச கதவு இது ஒண்ணுதான்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். வயதில் பெரியவன், ஆண்பிள்ளை, வாத்தியார், எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பிக் கேட்டேன். அவர் தலையை ஆட்டி, "அது அப்பறம். மொதல்ல எங்க பேட்டைய மேப்புல போடுங்க" என்றார். இன்றுவரைக்கும் மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் கேட்டதில்லை.

நீ லீவில் வரும்போது மாடிச் சுவரில் பார்ப்பாயே, கிழக்குச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் அந்தப் படம், அதுதான் ஆகென்ஸ்கல்ன்ஸ். பொழுது போகாத கிழவனின் வேலை என்று நீ நினைத்திருப்பாய். நாலு பெரிய தாளை ஒட்டி, சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து, முழுசாக இரண்டு வருஷம் வரைந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் வரைவேன். அளவு கேட்டால், வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இத்தனை காலடி, பனி விழுந்திருந்தால் இன்னும் நூறு கூட என்பார். சிவப்புச் செங்கல் மார்க்கெட்டு, உயரமான தண்ணீர்க் கோபுரம், பாலத்திலிருந்து இறங்கி வளைகிற டிராம் பாதை, மில்லுக்குப் பக்கத்துக் குளம், தெரு நெடுக மரப்பலகையாலேயே கட்டிய மாடி வீடுகள். "இப்டி இல்ல சார், இன்னும் வளையும்" என்று என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்குவார். அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகி, பின்பக்கம் ஒட்டுப்போட்டிருக்கிறேன். எந்த வீட்டில் யார், எந்த ஜன்னலில் எந்தப் பூந்தொட்டி என்று சொல்வார். மூலையில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் யூதர். படத்தில் அவர் வீட்டுக்கு வந்ததும் இல்சம்மா நிறுத்தச் சொன்னார்; அன்றைக்கு மேற்கொண்டு வரையவில்லை. அக்கா வீட்டைக் கடைசியில் வரைந்தோம். அந்த முகவரிக்குப் போட்ட கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. நாடு மறுபடி ரஷ்யா கைக்குப் போய்விட்டது. அங்கே போகவும் வழியில்லை, அங்கிருந்து யாரும் வரவும் வழியில்லை.

இப்போது அந்த ஐந்து வரியை மறுபடி எடுத்துப் படித்துப் பார். வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறாய். எந்த இடம்? அந்தப் படத்தைக் கோதுமைப் பசை காய்ச்சிச் சுவரோடு ஒட்டியிருக்கிறேன்; பெயர்த்தால் கிழியும். ஒரு தடவை நான் அவரை இந்த வீட்டிலிருந்து கிளப்பினேன். நீ இரண்டாம் தடவை கிளப்பச் சொல்கிறாய். உனக்குத் தெரியாமல் சொன்னாய், ஆகையால் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இனித் தெரிந்தும் கேட்டாயானால் வருத்தப்படுவேன். ஒரு குடித்தனக்காரிக்காகப் பெற்ற பிள்ளையை விடுவதா என்று உன் மாமனார் கேட்பார். கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானே தியாகராய நகருக்குப் போய், இந்தக் கடிதத்தில் இருப்பதை அவரிடமும் வாயால் சொல்லப்போகிறேன். சம்பந்தி முன்னால் தலை குனிய வேண்டியிருக்குமே என்று அம்மா தயங்கினாள். குனிகிறேன், அதனால் கழுத்து முறிந்துவிடாது என்றேன்.

நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன், அப்பா புத்திமதி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைக்காதே. ஒன்று சொல்கிறேன். வருகிற பெண் வேறு வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இப்படி, எங்கள் தெருவில் அப்படி என்று சொல்வாள். அப்போது நீ உன் அட்லாஸைத் திறக்காதே. உனக்கு நாலு எழுத்து அதிகம் தெரியும், சம்பாதிக்கிறாய், அதெல்லாம் சரி. அவள் பிறந்த இடத்தைப் பற்றி அவளைவிட உனக்கு அதிகம் தெரியாது. அவள் சொல்வதைக் கேட்டு அவளுடைய அண்ணன் தம்பிகள் முன்னால் உன் மானம் போகிறதென்று தோன்றினாலும் வாயை மூடிக்கொண்டிரு. நான் அம்மாவை அதட்டிய அந்த ஒரு நாளைத் திரும்பக் கொடுத்தால், என்னிடமிருக்கிற எதையும் கொடுத்து வாங்கிக்கொள்வேன். இன்னொன்று, இல்சம்மாவுக்கு எழுபது எண்பது வயது வரும்போது நானும் அம்மாவும் இருக்கமாட்டோம். அப்போது சோறும் மருந்தும் நீ பார்க்க வேண்டும். உனக்கு ஆறு உறைகிற கதை சொன்னவர் அவர்.

கீழ் அறையை, நானும் அம்மாவும் படுக்கிற கிழக்கு ஜன்னல் அறையை, உங்களுக்கு ஒழித்துவிட்டோம். கடற்காற்று நேராக வரும். வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. நாங்கள் கூடத்துக்கு மாறிவிட்டோம். அம்மா ஒரு திரைகூடத் தைத்துவிட்டாள். வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், ரொம்பச் சந்தோஷம். புது வீடுதான் வேண்டும் என்று தியாகராய நகருக்குப் போனாலும் பஸ் ஏறி வந்து பார்க்கிற தூரம்தான், அம்மா அழுது ஓய்ந்துவிடுவாள். அது நீயும் அந்தப் பெண்ணும் பேசி முடிவு செய்ய வேண்டியது. மாடி அறை முடிவான விஷயம்.

நேற்று நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். புது ரேஷன் கார்டுக்காக வீட்டுக்கு வீடு பெயர் எழுதுகிற குமாஸ்தா வந்தார். அதே கூடம், அதே மேசை, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என் பெயர், அம்மா பெயர் எழுதினார். இல்சம்மா மாடிப்படியில் பாதியில் வந்து நின்றுகொண்டிருந்தார். தங்கை என்று போட்டுவிட்டால் சுலபமாக முடிந்துவிடும் என்று குமாஸ்தா யோசனை சொன்னார். பொய் எழுதிப் பட்டது போதும், இந்த வீட்டில் குடியிருப்பவர் என்றே எழுதுங்கள் என்றேன். வெளிநாட்டார் என்றால் நாடும் எழுத வேண்டுமாம். லாத்வியா என்றேன். அவர் பேனாவை நிறுத்தினார். "அப்படி ஒரு நாடு இப்ப இல்லியே சார். என் பையனோட புது மேப்ல பார்த்தேன், எல்லாம் ரஷ்யாதான். ரஷ்யான்னு போட்டுடறேனே" என்றார். பாவம், அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். பழைய படத்திலும் இல்லை, புதுப் படத்திலும் இல்லை. சமையற்கட்டு வாசலில் அம்மா வந்து நின்றாள். அட்லாஸ் அலமாரியில்தான் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். நான் எழுந்திருக்கவில்லை.

"கீது. எழுதுப்பா" என்றேன்.

இந்த வாத்தியார் வாயிலிருந்து இப்படி ஒரு தமிழா என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதினார். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, வீட்டுக்காரர் தந்த தகவல் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இல்சம்மா மீதிப் படியையும் இறங்கி வந்து, என் தோளுக்குமேல் எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து அழகா கீது சார்" என்றார்.

உன் அப்பா